வழியில் நின்ற பச்சை மோரிஸ்

அத்தியாயம் 5

மூன்றாவது தடவையாக அந்தச் சனியன் பிடித்த கார் நின்றது. முதல் இரண்டு தடவையாவது கொஞ்சம் ஓரமாகப் போய் நின்று தொலைத்தது. இப்போது சிராங்கூன் ரோட்டின் நட்டநடுவில், பின்னால் ஒரு பஸ்ஸும் இரண்டு லாரிகளும் ஹாரனை அழுத்திக்கொண்டிருக்க, மூச்சை விட்டுவிட்டது.

"இறங்கு பரமு, தள்ளு" என்றார் ஒலி முகம்மது.

"தள்ளுறதுக்குக் கூலி ஆளைப் பிடிச்சிருக்கலாமே பாய். என்னை எதுக்குத் துப்பறியற வேலைன்னு சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"எதுக்காக நிக்குதுன்னு துப்பறிஞ்சுகிட்டே தள்ளு."

தள்ளினேன். ஜூன் மாத வெயில் முதுகைப் பிளந்தது. ஒலி முகம்மது பாயும் ஒரு கை கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவருடைய வெள்ளைச் சட்டை கசங்காத அளவுக்குத்தான் கொடுத்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பல வருஷம் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த வேலையை விட்டுவிட்டு, ஜாலான் புசாரில் ஆணியும் குழாயும் விற்கும் ஒரு கடைக்கு மேலே தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். நான் பரமசிவம். அதற்கு முன் பஸ் கண்டக்டராக இருந்தேன். வாய் அதிகம் என்று சீட்டுக் கிழிந்தது. அந்த வாய்க்காகவே என்னைச் சேர்த்துக்கொண்டதாகப் பாய் சொல்வார். அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது வாயில்லை, தோள்தான்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் கட்சிக்காரர் சந்திரமதி. பிரசவம் பார்க்கும் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது. இங்குள்ள பிரசவ இல்லம் ஒன்று அவருக்கு வேலை கொடுத்திருந்தது. உட்லண்ட்ஸ் பக்கத்துக் கிராமங்களான கம்பங்களுக்குப் போய் வீட்டிலேயே பிரசவம் பார்க்கிற வேலை. சொந்தக் கார் இருந்தால்தான் அந்த வேலை. அதற்காகத்தான் கையில் கிடந்ததை விற்று, இந்தப் பச்சை நிற மோரிஸ் மைனரை மாணிக்கம் என்கிற பழைய கார் வியாபாரியிடம் வாங்கினார்.

வாங்கியதிலிருந்து நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் உட்லண்ட்ஸ் ரோட்டில், இரண்டு பக்கமும் ரப்பர் மரத்தைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தும் ஓடியும் இவர் கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாய் பிழைத்தாள். குழந்தை இல்லை. அதே கம்பத்தில் இன்னொருத்திக்கு இந்த வாரம் நாள். தலைமை மிஸ்ஸி அன்னம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: புதன்கிழமை மத்தியானத்துக்குள் ஓடுகிற கார் வாசலில் வந்து நிற்கவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன்.

அன்றைக்குத் திங்கட்கிழமை.

ஒருவழியாக வண்டியை ஒரு கோப்பிக்கடை ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். கொஞ்ச நேரம் கழித்து அது இருமிக்கொண்டே உயிர் பிடித்தது. மிஸ்ஸி இறங்கி, முன்மூடியைத் தூக்கி, தன் பெட்டியிலிருந்து ஒரு மரக்குழலை எடுத்தார். கர்ப்பிணியின் வயிற்றில் ஒரு முனையை வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார்களே, அந்தக் குழல். அதை எஞ்சினின் பக்கவாட்டில் வைத்துக் காதைக் கொடுத்தார். கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் குவளையை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எத்தனையாவது மாசம்?" என்று கேட்டேன்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "நான் வாங்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் வச்சுக் கேட்டேன். நல்ல சீரான துடிப்பு. ஒரு மெக்கானிக்கையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன், அவரும் அருமையான எஞ்சின்னு சொன்னாரு. இது அது இல்ல, சார். வண்டி அதே வண்டிதான். உள்ள இருக்கறது வேற."

நான் பாயைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எஞ்சினில் திருகியிருந்த சின்னத் தகட்டில் உள்ள எண்ணைப் படித்து, மிஸ்ஸியின் வண்டி அட்டையில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றுதான். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். போலீஸ் ஸ்டேஷனிலும் இதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எண் சரியாக இருக்கிறது, பழைய வண்டி என்றால் நிற்கத்தான் செய்யும், பார்த்து வாங்கியிருக்க வேண்டும் அம்மா.

பாய் மிஸ்ஸியை அழைத்துக்கொண்டு மாணிக்கத்தைப் பார்க்கக் கிளம்பினார். ஜாலான் புசாரிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள்தான் அவனுடைய இடம். என்னை மட்டும் வண்டிக்குக் காவலாக வெயிலில் விட்டுவிட்டுப் போனார். இதை எந்தத் திருடன் கொண்டுபோவான், கொண்டுபோகிறவன் தள்ளிக்கொண்டல்லவா போக வேண்டும் என்று நான் கேட்டது காற்றோடு போயிற்று.

அங்கே நடந்ததைப் பிற்பாடு அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாணிக்கம் நெற்றி நிறையத் திருநீறோடு எழுந்து நின்று வரவேற்றானாம். கோப்பி வரவழைத்துக் கொடுத்தானாம். எஞ்சினைப் பற்றிக் கேட்டதும், நீங்கள் கொண்டுவந்த மெக்கானிக்தானே பார்த்தார், நீங்களே ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகத்தானே வாங்கினீர்கள் என்று பணிவாகக் கேட்டானாம். பொம்பளை கையில் கிளட்ச் தாங்காது என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொண்டானாம். ஈப்போவில் ஆஸ்பத்திரி வேனையே ஓட்டியவர் மிஸ்ஸி. திரும்பி வந்தபோது கோபத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வாய் திறந்து ஏதாவது சொன்னால் அழுதுவிடுவோமோ என்று பயந்து, நடந்ததைப் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

பாய் ஒரு காரியம் செய்திருந்தார். கிளம்பும்போது, அங்கே நின்ற ஒரு நீல மோரிஸைக் காட்டி, என்ன விலை என்று சும்மா கேட்டாராம். அது பேசி முடிந்துவிட்டது பாய் என்றானாம் மாணிக்கம். பக்கத்தில் நின்ற சாம்பல் நிற மோரிஸ்? அதுவும் முடிந்துவிட்டதாம்.

"அவ்வளவு வியாபாரம் நடக்கற இடத்துல ஈ கூட இல்ல" என்றார் பாய்.

இதற்கிடையில் எனக்கும் ஒரு ஆள் கிடைத்திருந்தார். நான் வண்டியின் நிழலில் உட்கார்ந்து விதியை நொந்துகொண்டிருந்தபோது, குடையோடு நடந்து போன ஒருவர் சட்டென்று நின்றார். மோரிஸைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"மாணிக்கத்துக்கிட்ட வாங்கினதா?"

ஆமாம் என்றேன். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. பெயர் பாலகிருஷ்ணன். பள்ளிக்கூட ஆசிரியர். பினாங்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். வருஷத் தொடக்கத்தில் அவரும் மாணிக்கத்திடம் ஒரு மோரிஸ் வாங்கியிருக்கிறார். பார்த்த அன்றைக்கு வெண்ணெய் மாதிரி ஓடியதாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து படுத்துவிட்டது. இப்போது அதில் பக்கத்து வீட்டுக் கோழிகள் முட்டையிடுகின்றன. சட்டம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா, மாணிக்கத்தை நான் விடப்போவதில்லை, ஓடுகிற வண்டி என்னிடம் வந்தே தீர வேண்டும் என்று குடையால் ரோட்டைக் குத்திக் குத்திச் சொன்னார். நியாயம் கேட்டு அவர் ஏறி இறங்காத படி இல்லை. எல்லா இடத்திலும் அதே பதில்தான்: பழைய வண்டி, பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். துணிக்கடை அப்துல் கையூம் மட்டும் மாணிக்கத்திடம் வாங்கிய மோரிஸில் ஊரெல்லாம் சுற்றுகிறாராம். அவருக்கு மட்டும் நல்ல வண்டியாம்.

இதைப் பாயிடம் சொன்னபோது, "கையூம் பாயும் கூட்டுக் களவாணிதான்" என்று தீர்ப்பையும் சேர்த்தே கொடுத்தேன்.

"நாளைக்குக் காலைல அந்தக் கூட்டுக் களவாணியோட ஒரு தேத்தண்ணி குடிப்போம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கையூமின் கடைக்குப் போனோம். வாசலில் அவருடைய கறுப்பு மோரிஸ், பின் சீட்டில் கூரை வரைக்கும் துணி மூட்டையோடு நின்றது. எங்களுக்காக அவர் சாவியைத் திருகிக் காட்டினார். ஒரே திருகு. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

கையூம் எதையும் மறைக்கிற ஆளாகத் தெரியவில்லை. அவருடைய கதை இதுதான். போன டிசம்பரில் அவசரமாக வண்டி வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம் போனார், ஓட்டிப் பார்த்தார், பணத்தைக் கொடுத்தார், சாவியைக் கேட்டார். மாணிக்கம் கொடுக்கவில்லை. கழுவித் துடைத்துத் தருகிறேன், ரெண்டு நாள் கழித்து வாருங்கள் என்று கெஞ்சாத குறை. மழை கொட்டுகிறது, அதைவிட நீ என்ன கழுவிவிடப் போகிறாய் என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அப்புறம் ஒரு கூத்து" என்றார் கையூம். "வித்தவன் நீ, வாங்கினவன் நான். அடுத்த வாரமே என் கடைக்கு வந்து, அந்த வண்டியை எனக்கே திருப்பிக் குடுங்க பாய், வாங்கின விலைக்கு மேல போட்டுத் தரேன்னு நிக்கறான். ரெண்டு தடவை வந்தான். எனக்குப் புரியவே இல்ல."

எனக்கும் புரியவில்லை. பாய் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார். இந்த மனிதர் சிரித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். கண்டுபிடித்துவிட்டார், ஆனால் சொல்லமாட்டார் என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். குளித்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, மாணிக்கத்திடம் போய் அந்த நீல மோரிஸை வாங்கு என்றார். நான் யாருடைய ஆள் என்று அவனுக்குத் தெரியாது. ஓட்டிப் பார்க்கிற சாக்கில் வண்டியைச் சந்து முனைக்குக் கொண்டு வர வேண்டும். திரும்பப் போய் பேரத்தை முடித்து முன்பணம் கொடுக்க வேண்டும்.

"அதான் பேசி முடிஞ்சுட்டதுன்னு உங்ககிட்ட சொன்னானே?"

"என்கிட்டதான் சொன்னான். உன்கிட்ட சொல்றானான்னு பாப்போம்."

"அங்க போய் நான் என்ன பேசணும்?"

"உனக்கு இயல்பா என்ன வருதோ அதைப் பேசு. நானா ஒண்ணும் சொல்லித் தரமாட்டேன்."

சொல்லித் தரமாட்டாராம். பஸ் டிரைவரின் புண்ணியத்தில் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்ததால் பிழைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனேன். மாணிக்கம் என் நெற்றியைப் பார்த்தான், முகம் மலர்ந்தான், எந்த ஊர், எந்தக் கோயிலுக்குப் போவீங்க என்று விசாரித்தான். கோலாப்பிலாவிலிருந்து வந்து ரெண்டு மாதம் ஆகிறது, இந்த ஊரில் யாரையும் தெரியாது என்றேன். நீல மோரிஸ் எப்படி என்று கேட்டேன்.

"உங்களுக்காகவே வச்ச மாதிரி இருக்கு. யாரும் இன்னும் கேக்கல" என்றான்.

நேற்று பேசி முடிந்த வண்டி! நாக்கைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

ஓட்டம் என்றால் அது ஓட்டம். திருகினால் பிடிக்கிறது, அழுத்தினால் பறக்கிறது. மாணிக்கத்தின் ஆள் கூட வருகிறேன் என்றான். ஒரு சுற்றுதானே, தொலைந்தா போய்விடுவேன் என்று என் சட்டைப் பையில் இருந்த முன்பணத்தை அவர்கள் முன்னாலேயே மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். சந்து முனையில் பாயும் மிஸ்ஸியும் நின்றிருந்தார்கள். முன்மூடியைத் தூக்கினேன். மிஸ்ஸி மரக்குழலை வைத்துக் கண்ணை மூடினார்.

நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"இதுதான். இதைத்தான் நான் கேட்டேன். பச்சை வண்டிக்குள்ள இருந்தது இதுதான்."

பாய் தலையை மட்டும் ஆட்டி, திரும்பப் போய் முடித்துவிட்டு வா என்றார்.

போனேன். முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, மாணிக்கம் அழகாகக் கைகூப்பினான். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வரைக்கும் தானே வாங்கி வைப்பதாகச் சொன்னான். மனுஷன் என்றால் இவனல்லவா மனுஷன் என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. மிச்ச விஷயத்தைப் பேசி முடித்துக் கும்பிடு போட்டுவிட்டு, பெரிய காரியம் சாதித்த களையோடு சந்து முனைக்கு நடந்தேன்.

"வண்டி எங்க?" என்றார் பாய்.

"வெள்ளிக்கிழமை காலைல எடுத்துக்கறதாச் சொல்லிட்டு வந்தேன்."

"ஏன்?"

"ஏன்னா? இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. அதுவும் ராகு காலம் ஆரம்பிக்கப் போகுது. புது வண்டியை யாராவது இப்ப..."

அங்கேயே நின்றுவிட்டேன். மிஸ்ஸி தன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"நானும் வெள்ளிக்கிழமைதான் எடுத்தேன்" என்றார் மெதுவாக. "பாத்தது செவ்வாய்க்கிழமை."

பாலகிருஷ்ணன் வாங்கப் போன அன்றைக்கு அஷ்டமியாம். அதை நேற்று சாயங்காலமே பாய் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அவரும் இரண்டு நாள் கழித்துத்தான் மாலையும் கையுமாக எடுத்து வந்தாராம். பாய் சொன்ன கணக்கு இதுதான்: மாணிக்கத்திடம் எப்போதும் இருப்பது ஒரே ஒரு நல்ல எஞ்சின். அதை ஒரு மோரிஸில் பொருத்திக் காட்டுவான். எவ்வளவு பெரிய மெக்கானிக்கை வேண்டுமானாலும் கூட்டி வந்து பார்த்துக்கொள்ளலாம். பணம் கைக்கு வந்ததும் நாம் நல்ல நாள் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அந்த இடைவெளியில் எஞ்சினைக் கழற்றி, எண் தகட்டை மட்டும் ஒரு ஓட்டை எஞ்சினுக்கு மாற்றி, அதை உள்ளே இறக்கிவிடுவான். நல்ல எஞ்சின் அடுத்த வண்டிக்குப் போய்விடும். கையூம் நாளும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை. அவர் அப்போதிருந்த நல்ல எஞ்சினையே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்; இந்த எஞ்சின் அதற்குப் பிறகு அவன் தேடிப் பிடித்தது. அதனால்தான் அவன் கூட விலை கொடுத்துத் திருப்பிக் கேட்டான். அதற்கப்புறம், பாயைப் போல நாள் பார்த்துக் காத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிற யாருக்கும் அவனிடம் வண்டி இல்லை.

"நீங்க எல்லாரும் செய்யறது உங்களுக்குத் தெரியாது பரமு" என்றார் பாய். "எனக்குத்தான், எல்லாரும் ஏன் வண்டியை விட்டுட்டு வந்தீங்கன்னு கேக்கத் தோணுச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மாணிக்கத்தை அடிப்பதா என்னை நானே அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தெரிந்தே வலையில் கால் வைக்கப் போனவன், சிரித்துக்கொண்டே கால் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் என்னை விடுங்கள். மிஸ்ஸியைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"ராத்திரி பகல், கிழமை, நேரம் ஒண்ணும் பாக்காம ஓடற வேலை என் வேலை" என்றார். "இந்த ஒண்ணுக்குப் போய் நேரம் பாத்தேன். வாழ்க்கையில எனக்குன்னு நானா வாங்கின முதல் பொருள். நல்லபடியா எடுக்கணும்னு ஆசையா இருந்துச்சு." அந்தக் கம்பத்துக் குழந்தையைத்தான் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

பாய் எங்களைக் கோப்பிக்கடையில் உட்கார வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். பாலகிருஷ்ணனுக்கும் சொல்லி அனுப்பினார். பள்ளிக்கூடம் விட்டு அவர் குடையோடு ஓடி வந்தார். நான்கு பேருமாக எழுந்து, முன்வாசலை விட்டு, பின்பக்கக் கொட்டகை வழியாக உள்ளே நுழைந்தோம்.

நீல மோரிஸ் முன்மூடி இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சாம்பல் நிற மோரிஸ் காலி வயிற்றோடு காத்திருந்தது. மாணிக்கத்தின் மெக்கானிக் ஒரு கையில் திருப்புளியும் மறு கையில் சின்னத் தகடுமாக உட்கார்ந்திருந்தான். என் வண்டியின் எண் தகடு.

மாணிக்கம் ஓடி வந்தான். சர்வீஸ் என்றான். ஆயில் கசிகிறது என்றான். என் நெற்றித் திருநீற்றையும், எனக்குப் பக்கத்தில் நின்ற மிஸ்ஸியையும் மாறி மாறிப் பார்த்தான். பாய் குரலை உயர்த்தவே இல்லை. இந்த எஞ்சினை இப்போதே மிஸ்ஸியின் பச்சை வண்டியில் ஏற்றிக் கொடுக்க வேண்டும், மற்ற கணக்கு அப்புறம் என்றார். மாணிக்கம் தலையை ஆட்டினான்.

அப்போதுதான் பாலகிருஷ்ணன் குடையைக் கீழே குத்தினார்.

"நில்லுங்க. இதை முதல்ல எனக்குத்தான் காட்டினான். இந்த மிஸ்ஸி வர்றதுக்கு முன்னாடியே நான் பணம் கட்டியிருக்கேன். நியாயமாப் பாத்தா இது என் எஞ்சின். நான் போலீஸைக் கூப்பிடப் போறேன். சட்டப்படி நடக்கட்டும்."

அதில் தப்பே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். போலீஸ் வந்தால் எஞ்சினைச் சாட்சிப் பொருள் என்று தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷன் மூலையில் போட்டுவிடும். வழக்கு முடிகிற வரைக்கும் அது துரு ஏறிக்கிடக்கும். அவருக்கும் கிடைக்காது, இவருக்கும் கிடைக்காது. நாளை மத்தியானம் வந்து போய்விடும். இதையெல்லாம் நான் படபடவென்று சொன்னேன். உட்லண்ட்ஸ் ரோட்டில் நடந்ததையும் சொன்னேன். கம்பத்தில் இன்னொருத்தி காத்திருக்கிறாள் என்றும் சொன்னேன். வாத்தியார் அசையவில்லை.

மிஸ்ஸிதான் என்னைத் தடுத்தார்.

"சார் சொல்றது சரி. முதல்ல ஏமாந்தது அவருதான். இது அவருக்குத்தான் சேரணும்." சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டார். "நான் இன்னைக்கே பஸ்ஸுல உட்லண்ட்ஸ் போயிடணும். அந்தப் பொண்ணு வீட்டுலயே தங்கிக்கறேன். வேலை போனாப் போகட்டும். இன்னொரு தடவை நான் லேட்டாப் போகமாட்டேன்."

அவர் கொட்டகை வாசல் வரைக்கும் போய்விட்டார். பாலகிருஷ்ணன் தொங்குகிற எஞ்சினைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் அப்படியே இருந்தது, துளிக்கூடக் குறையவில்லை. கடுப்போடுதான் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். கடுப்போடுதான் சட்டைக் கையை மடித்தார்.

"டேய், என்ன வேடிக்கை பாக்கறே?" என்று மெக்கானிக்கைப் பார்த்து அதட்டினார். "அந்தப் பச்சை வண்டியைத் தள்ளிட்டு வா. ஒரு திருகாணி குறைஞ்சாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன். என் கார் நின்னா நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவேன், அவ்வளவுதானே." பிறகு மிஸ்ஸியிடம் திரும்பி, "இது கடன்தான். சும்மா குடுத்துட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்றார்.

மிஸ்ஸி பெட்டியை வைத்துவிட்டு, முதல் தடவையாக எங்கள் முன்னால் அழுதார்.

வேலை மறுநாள் காலையில்தான் முடிந்தது. வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மெக்கானிக்கின் தலைமாட்டில் நின்று பரீட்சை மேற்பார்வை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார். மாணிக்கத்தைப் பாய் கண்பார்வையிலேயே வைத்திருந்தார். எஞ்சின் உயிர் பிடித்த பிறகுதான் போலீஸுக்கு ஆள் அனுப்பினார். சாட்சிக்கு நீல வண்டியின் எண் தகடும், திறந்து கிடந்த இரண்டு காலி மோரிஸ்களும், சங்கிலியும் போதும் என்றார். வந்த இன்ஸ்பெக்டர், பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்று இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை.

பச்சை மோரிஸைப் பிரசவ இல்லத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். அன்னம்மா வாசலிலேயே நின்றார். அவர் கண் காரையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. உட்லண்ட்ஸிலிருந்து போன் வந்துவிட்டது, வலி எடுத்துவிட்டது என்றார்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. புதன்கிழமை. என் வாய் என்னையறியாமல் திறந்தது. "இப்ப ராகு" என்று பாதி வந்ததும் பாய் என் காலை மிதித்தார். மிஸ்ஸிக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியாது. அவர் ஏற்கெனவே சாவியைத் திருகியிருந்தார். வண்டி புகை கூட விடாமல் திரும்பிப் போயிற்று. பாலகிருஷ்ணன் நடுரோட்டில் நின்று, குடையை நீட்டி, எதிரே வந்த லாரியை நிறுத்தி அவருக்கு வழி விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் முழுவதும் நான் அலுவலக ஜன்னலை விட்டு நகரவில்லை. பாய் சாப்பிடச் சொன்னார்; சோறு இறங்கவில்லை. அஸ்தமிக்கிற நேரத்தில் பச்சை மோரிஸ் கீழே ஆணிக்கடை வாசலில் வந்து நின்றது. மிஸ்ஸி மேலே ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். புடவையில் ரத்தக்கறை இருந்தது. பெண் குழந்தை என்றார். நல்ல எடையாம். நல்ல அழுகையாம்.

என் நாக்குக்குத்தான் சூடு சொரணை கிடையாதே. எத்தனை மணிக்குப் பிறந்தது என்று கேட்டுவிட்டேன்.

"அப்பாக்காரரும் அதைத்தான் கேட்டாரு, ஜாதகம் எழுதணுமாம்" என்றார் சந்திரமதி. "நான் வந்து சேந்ததுக்கு அப்புறம் பொறந்துச்சுன்னு எழுதிக்கச் சொன்னேன்."